பொட்டு வைத்த பச்சைத் தாள்

இசைவாணிக்கு வாசிக்க ஏதாவது கிடைத்தால் போதும். அது பாதித் தாளாக இருந்தாலும் அவளுக்குக் கவலையில்லை.

அவளுடைய அம்மா மாடத்தி, வீட்டில் உட்கார்ந்து பட்டாசுக்குக் குழாய் உருட்டுகிறவள். சிவகாசி அச்சகங்களில் கெட்டுப்போகும் தாள்களை ஒரே அளவாக வெட்டி, கட்டுக் கட்டாக இசைவாணியின் ஊரான விஸ்வநத்தத்துக்குக் கொண்டுவந்து போடுவார்கள். மாடத்தி ஒவ்வொரு தாளாக எடுத்து, கம்பியில் சுற்றி, ஓரத்தில் பசை தடவி, உருவிப் போடுவாள். வெறும் காகிதக் குழாய்தான். மருந்து அடைப்பதெல்லாம் கம்பெனியில்.

மாடத்திக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் இசைவாணி பக்கத்தில் உட்கார்ந்து, சுற்றப்போகும் தாள்களை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவாள். ஒன்றில் பிஸ்கட்டில் என்னென்ன போட்டார்கள் என்று இருக்கும். இன்னொன்றில் பாதிக் கல்யாணப் பத்திரிகை இருக்கும். மாப்பிள்ளை பெயர் இருக்கும், பெண் பெயர் இருக்காது.

"பொண்ணு யாருன்னு தெரியாமலே சுத்திட்டயேம்மா!" என்பாள் இசைவாணி.

"கல்யாணத்துக்குப் போனவுகளுக்குத் தெரிஞ்சிருக்கும். நீ அடுத்தத வாசி" என்பாள் மாடத்தி.

அது இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு. தீபாவளியும் ரம்ஜானும் ஒரே வாரத்தில் வந்த ஆண்டு. ஊரே சீசன் பரபரப்பில் இருந்தது. இசைவாணியின் அப்பா பட்டாசு லோடு ஏற்றிய லாரியோடு வடக்கே போயிருந்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், புதிதாக வந்த கட்டிலிருந்து ஒரு தாளை எடுத்த இசைவாணி திருதிருவென்று விழித்தாள். அவளுக்கே வாசிக்கத் தெரியாத தாள்! படம் எதுவும் இல்லை. சுற்றிலும் கொடிக் கோலம் போட்ட கட்டம். அதற்குள் பச்சை நிறத்தில் வளைந்து வளைந்து ஓடும் எழுத்துகள். திருப்பிப் பார்த்தாள், தலைகீழாகப் பார்த்தாள். பிறகு சட்டென்று தோழி ஜமீலாவின் வீடு ஞாபகம் வந்தது.

"யம்மா, நிறுத்து! சுத்தாத!"

"என்ன புள்ள, தேளு கீளு கெடக்கா?"

"இது ஜமீலா வீட்டு வாசல்ல கண்ணாடி போட்டு மாட்டியிருக்க எழுத்தும்மா. அவுக வேதத்து எழுத்து!"

மாடத்தியின் கையிலிருந்த கம்பி நழுவி விழுந்தது. அவள் பசை அப்பிய தன் விரல்களைப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் குவிந்து கிடந்த குழாய்களைப் பார்த்தாள்.

"காலையில இருந்து இந்தக் கட்டத்தான உருட்டுதேன். எரநூறு குழாய் இருக்குமே" என்றாள். 

அவள் எழுந்து போய்க் கை, கால், முகம் எல்லாம் கழுவிவிட்டு வந்தாள். ஒரு தாளை மட்டும் இரண்டு கையாலும் எடுத்து, மாரியம்மன் படம் இருந்த பலகையில் சாய்த்து வைத்தாள். தாளின் உச்சியில் குங்குமத்தால் ஒரு பொட்டு வைத்தாள். அப்புறம் கைகூப்பி நின்றாள்.

"என்னம்மா வேண்டிக்கிட்ட?"

"அவுக எப்படிக் கும்புடுவாகன்னு எனக்கு என்ன தெரியும்? தெரியாமச் செஞ்சிட்டேன்னு மட்டும் சொன்னேன்."

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பஞ்சம்மாள் உள்ளே வந்தாள். தெருவில் யாருக்கு என்ன சங்கடம் என்றாலும் யோசனை சொல்ல முதலில் வருகிறவள் அவள்தான்.

"இதுக்குப் போயா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? வெடிச்சா புகையா மேலதான போகும். நேரா அவுக சாமிகிட்டயே போயிச் சேந்துரும்" என்றாள் பஞ்சம்மாள்.

"சேரும் மதினி. கிழிஞ்சுல்ல போயிச் சேரும்?"

"அப்ப எல்லாத்தையும் அள்ளிக் கெணத்துல போடு."

"கெணத்துல தண்ணியில்லயே."

"அப்ப பாக்காத மாதிரி இருந்துரு!"

மூன்று யோசனையையும் கேட்ட பிறகு மாடத்திக்கு முன்னைவிட அதிகமாகக் குழம்பிப் போயிற்று. ஆனால் பஞ்சம்மாள் வந்தது வேறு காரியத்துக்கு.

"மாடத்தி, திங்கக்கெழமையில இருந்து இசைவாணிய எங்க வீட்டுக்கு அனுப்பு. திரி வெட்ட ஆளு பத்தல. தீவாளி வரைக்கும்தான். பள்ளிக்கூடம் எங்க ஓடியா போகுது?"

இசைவாணி அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டாள்.

திரி என்பது வெடியில் நாம் பற்றவைக்கும் நூல். அதற்குள் கருமருந்து இருக்கும். வீட்டில் வைத்து அதை வெட்டக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. ஆனால் பஞ்சம்மாள் வீட்டுப் பின்கட்டில் வெட்டத்தான் செய்தார்கள். போன வருஷம் அந்தச் சுவரில் ஓர் ஆள் உயரத்துக்குக் கரி படிந்தது. அது எப்படிப் படிந்தது என்று தெருவில் யாரும் கேட்கவில்லை. பஞ்சம்மாளும் சொல்லவில்லை.

மாடத்தி தயங்கினாள். அவள் காய்ச்சலில் படுத்துக் கிடந்தபோது, இருபது நாளும் இந்த வீட்டுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தவள் பஞ்சம்மாள். அப்படிப்பட்டவளிடம் எப்படி மாட்டேன் என்று சொல்வது?

"சரி மதினி" என்றாள், மகளின் முகத்தைப் பார்க்காமல்.

பஞ்சம்மாள் போனதும் இசைவாணி அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டாள்.

"யம்மா, நான் போக மாட்டேன். அந்தச் சொவரு..."

"அந்தப் பேச்ச விடு. கொஞ்ச நாளுதான?"

இசைவாணி மூலையில் போய் உட்கார்ந்தாள். அழுகை வந்தது. பள்ளிக்கூடம் போக முடியாததற்கு அழுவதா, ஜமீலாவின் வேதத்தை வெடிக்குழாயாகச் சுற்றிவிட்டதற்கு அழுவதா என்று தெரியவில்லை. இரண்டுக்கும் சேர்த்தே அழுதாள்.

மறுநாள் சனிக்கிழமை. ஜமீலாவிடம் சொல்லலாமா, வேண்டாமா? இசைவாணி யோசித்து யோசித்துப் பார்த்தாள். ஐந்தாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்காரும் தோழி. சொன்னால் பேச்சை நிறுத்திவிடுவாளோ? சொல்லாவிட்டால் அந்த எழுத்துகள் எங்கோ ஒரு தெருவில் வெடித்துச் சிதறி, காலில் மிதிபடுமே?

சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். ஜமீலா அத்தா என்று கூப்பிடும் அவள் அப்பாவின் சைக்கிள் கடைக்குப் போய், அவளைக் கையோடு கூட்டிவந்தாள். வரும் வழியில் எல்லாவற்றையும் சொன்னாள். ஜமீலா நடையை எட்டிப் போட்டாள்.

வீட்டுக்குள் வந்ததும் ஜமீலாவின் கண் நேராகப் பலகைக்குப் போனது.

"இதுல ஏன் பொட்டு வச்சிருக்கீக, சித்தி?"

மாடத்தி திருடனுக்குத் தேள் கொட்டியது போல நின்றாள். "வைக்கக் கூடாதா தாயி? சாமி காரியம்னா நாங்க பொட்டு வச்சிருவோம். அழிச்சிரவா?"

ஜமீலா உதட்டைக் கடித்தபடி யோசித்தாள். பொட்டு வைப்பது அவர்கள் வழக்கம் இல்லை. ஆனால் சித்தி கேலிக்கா வைத்தாள்? இதற்குக் கோபப்பட வேண்டுமா, சந்தோஷப்பட வேண்டுமா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

"நாங்க கை, கால், மூஞ்சி கழுவிட்டுத்தான் இதத் தொடுவோம்" என்றாள்.

"நானும் கழுவிட்டுத்தான் தாயி தொட்டேன்!" என்றாள் மாடத்தி, டீச்சரிடம் சொல்லும் பிள்ளை மாதிரி.

"அப்பச் சரி. பொட்டு இருந்துட்டுப் போகட்டும்."

ஜமீலா தானும் கை, கால் கழுவி வந்தாள். தோளில் கிடந்த துப்பட்டாவால் தலையை மூடிக்கொண்டாள். தாளை வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கமாக, எழுத்துக்கூட்டி ராகத்தோடு ஓத ஆரம்பித்தாள். நடுநடுவே தடுமாறினாள். மாடத்தி கண்ணை மூடிக் கேட்டாள். அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டதைப் பார்த்து இசைவாணியும் போட்டுக்கொண்டாள்.

"என்ன சொல்லியிருக்கு?" என்று கேட்டாள் இசைவாணி.

"தெரியாது."

"இப்பத்தான வாசிச்ச?"

"வாசிக்கத் தெரியும். அர்த்தம் தெரியாது. இதுல எழுத்துக்கு மேலயும் கீழயும் போடுற குறி வேற இல்ல, அதான் தடுமாறுச்சு."

"அர்த்தம் தெரியாம எப்படிப்பா ஓதுறீக?"

"பெரிய கோயில்ல ஐயர் சொல்ற மந்திரத்துக்கு உனக்கு அர்த்தம் தெரியுமா?"

இசைவாணி அம்மாவைப் பார்த்தாள். அம்மா அவசரமாகப் பசைக் கிண்ணத்தைப் பார்த்தாள்.

"எங்க பள்ளிவாசலுக்குப் புதுசா ஒரு அசரத்து வந்திருக்காரு. தொழுகை நடத்துறவரு. அவருக்கு அர்த்தம் தெரியும். சாயங்காலம் கேப்போம்" என்றாள் ஜமீலா. பிறகு குழாய்க் குவியலைக் காட்டினாள். "இத என்ன செய்ய?"

"பிரிச்சிருவோம். ஒண்ணு விடாம" என்றாள் இசைவாணி.

மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். ஈரத்துணியால் ஓரத்தைத் தடவி, பசை இளகியதும் மெல்லப் பிரித்து, தாளை நீவி அடுக்கினார்கள். இருநூறு குழாய் உருட்டுவது மாடத்திக்கு ஒரு நாள் வேலை. பிரிப்பது அதற்கு மேல் இழுத்தது. ஜமீலா நோன்பு என்பதை மறந்து இசைவாணி இரண்டு தடவை அவளுக்குத் தண்ணீர் நீட்டினாள். இரண்டு தடவையும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

வாசலோடு போன பஞ்சம்மாள் எட்டிப் பார்த்தாள். "குழாய் உருட்டுறவளப் பாத்திருக்கேன். உருட்டுன குழாயப் பிரிக்கிறவள இன்னைக்குத்தான் பாக்கேன்!" என்று சிரித்துக்கொண்டே போனாள்.

சாயங்காலம் பள்ளிவாசல் வாசலில் நோன்புக் கஞ்சி ஊற்றினார்கள். மாடத்தியும் பிள்ளைகளோடு அங்கே போனாள். தூக்குவாளியோடு வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர் மாடத்தியைப் போல நெற்றியில் பொட்டோ திருநீறோ வைத்தவர்கள்தான். கஞ்சிக்கு யார் பேதம் பார்த்தார்கள்?

அசரத்து வெளியே வந்தார். அவர் மிகவும் இளைஞர். தாடி இப்போதுதான் அரும்பியிருந்தது. ஜமீலா தாளை நீட்டி விஷயத்தைச் சொன்னாள். அவருடைய கண் குங்குமத்தில் போய் நின்றது.

"இந்தச் சிவப்பு?"

இசைவாணி முந்திக்கொண்டாள். "எங்கம்மா வச்சதுங்க. மரியாதைக்குத்தான் வச்சா" என்றாள்.

அசரத்து மாடத்தியை ஒரு பார்வை பார்த்தார்.  பொட்டு கலைந்துவிடாதபடி தாளின் ஓரங்களை மட்டும் விரலால் பிடித்துக்கொண்டு முதல் வரியைப் படித்தார்.

"நெருப்பிலிருந்து குழந்தைகளைத் தள்ளி வையுங்கள்."

மாடத்தி வாளியைக் கீழே வைத்தாள்.

"என்ன சொன்னீக? இன்னொரு தடவ சொல்லுங்க."

"நெருப்பிலிருந்து குழந்தைகளைத் தள்ளி வையுங்கள் என்று எழுதியிருக்கும்மா."

மாடத்தியின் கண் நிறைந்துவிட்டது. இசைவாணியின் தலையில் கையை வைத்து அழுத்தினாள். அதற்குள் வரிசை நகர்ந்து அவள் முறை வந்தது. வாளியை நீட்டிக் கஞ்சியை வாங்கிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் விறுவிறுவென்று தெருவில் நடந்தாள்.

அசரத்து மட்டும் தாளை விட்டபாடில்லை. நெற்றியைச் சுருக்கினார்.

"வேதம் எனக்கு மனப்பாடம். இந்த வரி அதில் இல்லையே. வேறு ஏதாவது நல்ல நூலோ?" என்று தனக்குத்தானே பேசிக்கொண்டார். "அடுத்து, ஈரம் படாத இடத்தில் வையுங்கள். சரி. அதற்கடுத்து, ஒவ்வொரு பெட்டியிலும் நாற்பது... கம்பு? சின்னக் கம்பு? எந்தப் பெட்டி? என்ன கம்பு? ஒன்றும் புரியவில்லையே!"

அரபு படித்த அசரத்துக்குப் புரியவில்லை. ஓதத் தெரிந்த ஜமீலாவுக்கும் புரியவில்லை. ஓர் எழுத்துக்கூடத் தெரியாத இசைவாணி மட்டும் முணுமுணுத்தாள்.

"பெட்டி. நாப்பது கம்பு. ஈரம் படக் கூடாது. புள்ளைக கையில குடுக்கக் கூடாது..."

அவள் கண்கள் பெரிதாயின.

"அசரத்து! இது தீப்பெட்டி லேபிளு!"

"என்னது?"

"வெளிநாட்டுக்குப் போற தீப்பெட்டி! கம்பு இல்லீங்க, தீக்குச்சி! பிரஸ்ல ஒவ்வொரு கலரா ஓட்டுவாக. பச்ச மட்டும் ஓடி, படம் ஏறுறதுக்கு முன்னால கெட்டுப்போன தாளு இது!"

அசரத்து மறுபடி படித்தார். "ஆமாம், குச்சி! தீக்குச்சி!" என்று கத்திவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். ஜமீலா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"தீப்பெட்டியையா நான் ராகம் போட்டு ஓதுனேன்?"

இசைவாணிக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் பாதியிலேயே நின்றுவிட்டது. அம்மாவின் நிறைந்த கண்கள் ஞாபகம் வந்தன.

தாளை வாங்கிக்கொண்டு இருவரும் ஓடினார்கள். அவர்கள் பயந்தபடியே மாடத்தி பஞ்சம்மாள் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"கோவிச்சுக்கிடாதீக மதினி. எம்புள்ள திரி வெட்ட வர மாட்டா. நெருப்பவிட்டுப் புள்ளைகளத் தள்ளி வைக்கணும்னு அவுக வேதத்துலயே இருக்கு. நம்ம மீற முடியுமா?"

ஜமீலா இசைவாணியின் காதில் சொன்னாள்: "சொல்லிராத. நானும் சொல்ல மாட்டேன். சொன்னா திங்கக்கெழமை பெஞ்சுல நான் மட்டும்தான் இருப்பேன்."

இசைவாணி நின்றாள். வாயைத் திறக்காமல் இருந்தால் பள்ளிக்கூடம். திறந்தால் கரி படிந்த சுவர். ஆனால் வேதத்தில் இல்லாத ஒன்றை வேதம் என்று நம்பி அம்மா ஊரெல்லாம் சொல்வாளே? அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. தாளில் என்ன இருக்கிறது என்று அவளுக்குச் சொல்கிற கண்ணே இசைவாணிதான். அந்தக் கண் பொய் சொல்லலாமா?

"யம்மா" என்றாள். தாளை நீட்டினாள். "அது வேதம் இல்லம்மா. தீப்பெட்டி லேபிளு. மீதியையும் அசரத்து படிச்சாரு."

 பஞ்சம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"தீப்பெட்டிக்கா பொட்டு வச்சுக் கும்புட்ட? நல்லாருக்கு போ! அப்ப திங்கக்கெழமை அனுப்பிரு."

மாடத்தி சிரிக்கவில்லை. மகளை மட்டும் பார்த்தாள்.

"அந்த வரி அதுல இருக்கா, இல்லயா?"

"இருக்கும்மா. மொதல் வரியே அதான்."

மாடத்தி வாளியைத் தூக்கிக்கொண்டாள். வீட்டைப் பார்த்து நடந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அவள் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. பிரித்த தாள்களையெல்லாம் மறுபடி குழாயாக உருட்டினாள். பொட்டு வைத்த தாள் மட்டும், சனிக்கிழமை ராத்திரி இசைவாணி திரும்ப வைத்த பலகையிலேயே இருந்தது. எடுக்க மறந்துவிட்டாளா, வேண்டுமென்றே வைத்திருக்கிறாளா? இசைவாணிக்குத் தெரியவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது.

திங்கட்கிழமை காலை விடிந்தது. பள்ளிச் சீருடையைப் போடுவதா, பழைய பாவாடையைக் கட்டுவதா? இசைவாணி இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாடத்தி வந்தாள். பழைய பாவாடையை உருவிக் கொடியில் போட்டாள்.

"சட்டையப் போட்டுட்டு வா. தல பின்னணும்."

ஒரு பக்கச் சடை முடிந்து மறுபக்கம் பின்னிக்கொண்டிருந்தபோது, பஞ்சம்மாள் வாசலில் வந்து நின்றாள்.

"என்ன மாடத்தி, புள்ள எங்கயோ கெளம்புறா? அதான் வேதம் இல்ல, வெறும் தீப்பெட்டின்னு ஆயிருச்சே!"

மாடத்தி ரிப்பனைப் பல்லில் கடித்து இழுத்து முடிச்சுப் போட்டாள்.

"ஆமா மதினி, தீப்பெட்டிதான். நெருப்பப் பத்தி அதுக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போகுது?"

 யோசனை சொல்ல முதலில் வருகிற பஞ்சம்மாள், அன்றைக்கு யோசனை சொல்லாமலே திரும்பிப் போனாள். தெரு முனையில் சைக்கிள் மணி கேட்டது. ஜமீலாவும் அவள் அத்தாவும் நின்றுகொண்டிருந்தார்கள். இசைவாணி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒரே ஓட்டமாக ஓடினாள்.